நெய்தல் நிலமும் 500 மீட்டரும்

ஓரிக்கை என்னும் நம் ஊர்ப்பெயருக்கு ‘ஓரிரவு இருக்கை’ என்று பெரியோர் பொருள் கூறுவர். திருவெஃகாவில் வாழ்ந்த திருமழிசையாழ்வாரின் சீடன் கணிகண்ணன், அரசன் விரும்பியபடி அவனைப் பாட இசையாமையால் நாடு கடத்தப்பட்டான். சீடன் பின்னே ஆழ்வார் நடந்தார். ஆழ்வார் சொற்படி பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டார். அவர்கள் அன்றிரவு தங்கிய இடமே இவ்வூர். மறுநாள் அரசன் ஓடிவந்து பணிந்தான், சென்றவர்கள் திரும்பினர். இது தலபுராணச் செய்தி. வரலாறாக இதனை நான் எடுத்துரைக்கவில்லை. எனினும், அதிகாரத்தை எதிர்ப்பதற்கு நம் ஊர் மரபு அறிந்த வழி யாது என்பதை இக்கதை காட்டுகிறது. எழுந்து போய்விடுவதே அந்த வழி. கவிஞனுக்கு அது இயலும். தறிக்காரனுக்கும் ஓரளவு இயன்றது. சோழமண்டலக் கரையில் கும்பினி வணிகரின் நெருக்குதல் தாங்காமல் கூட்டமாக ஊரைக் காலிசெய்து போன நெசவாளரைப் பற்றிய செய்திகள் 17, 18ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் உண்டு. கடலில் தொழில் செய்பவனுக்கோ இந்த வழி இல்லை. அவன் எழுந்து போனால் அவன் கைக்குப் பழகிய கடல் உடன் வாராது. ஆகவே அவனுடைய எதிர்ப்பு, இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு செய்யும் எதிர்ப்பாக அமைந்தது. அவ்வெதிர்ப்பின் வரலாற்றில் ஒரு பகுதியை, காக்கப்பட்ட கடலோரங்களில் சொகுசு விடுதிகள் எழுவதை எதிர்த்து நம் நாட்டு மக்கள் நின்ற பகுதியை, இம்மலருக்கென எடுத்துக்கொண்டேன்.

நெசவூர்க்காரனுக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று வட்டத்து நண்பர்கள் கேட்கக்கூடும். நம் ஊரைத் தொட்டு ஓடும் பாலாறு (ஓடிய பாலாறு என்று எழுதுவதே பொருந்தும்) கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலை அடைகிறது. அந்த வயலூரில்தான் பல்லவ மன்னர் வரிசையை நீண்ட பட்டியலாகத் தரும் இராசசிம்மனின் தூண் கல்வெட்டு உள்ளது. காஞ்சியிலிருந்து ஆண்டவன் தன் முன்னோர் பெயர்களை ஆற்றின் கழிமுகத்தருகே பொறித்து வைத்தான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அதற்குச் சற்று வடக்கே சதுரங்கப்பட்டினம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் அங்கு வந்து தங்கியது இந்த வட்டாரத்துத் தறிகளில் நெய்த மெல்லிய துணிக்காகவே. ஆட்சி முறையிலும், 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகும் வரை, கோவளமும் மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்களே. கடற்கரை நம் கணக்கை விட்டுப் போய்ச் சில ஆண்டுகளே ஆகின்றன.

வருவாய்க் கணக்கில் கடற்கரை மணலுக்குப் பெயர் ‘புறம்போக்கு’. தீர்வை விதிக்கப்படாத பொது நிலம் என்பதே அச்சொல்லின் பொருள். நாளடைவில் அது ஒரு வசைச் சொல்லாகவும் ஆயிற்று. ஆனால் மீனவ ஊரில் அம்மணல் ஒரு நாளும் சும்மா கிடப்பதில்லை. கட்டுமரம் ஏற்ற ஓரிடம், கரைவலை இழுக்க ஓரிடம், வலையை உலர்த்தவும் அறுந்த கண்ணிகளைச் சரிசெய்யவும் ஓரிடம், கருவாடு காயவைக்க ஓரிடம், மீன் ஏலம் விட ஓரிடம், ஊர்க்கூட்டம் கூடவும் அம்மனுக்கு விழா எடுக்கவும் ஓரிடம். எவருக்கும் பட்டா இல்லை. எந்த இடம் எதற்கு என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். விடுதி கட்ட வருபவர் கண்ணுக்கும், பல வேளைகளில் அரசின் கண்ணுக்கும், இவை எவையும் தென்படுவதில்லை. அவர்கள் காண்பது வெற்று மணல். 1985இல் சென்னை மெரினாவை அழகுபடுத்தக் கருதிய அரசு, கட்டுமரங்களையும் வலைகளையும் அங்கிருந்து அகற்ற முற்பட்டபோது குப்பத்து மக்கள் எதிர்த்து நின்றனர், துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, உயிர்கள் போயின. விடுதி ஒன்றுக்காக நடந்த சண்டையன்று அது. ஆயினும் பின்னர் வந்த சண்டைகள் யாவற்றிலும் இருந்த வினா அதிலேயே இருந்தது: மணல் காலியாக இருக்கிறதா, இல்லையா?

அரசு தரப்பில் கடற்கரையைக் காக்கும் எண்ணம் இல்லாமலும் இல்லை. 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். ஓதம் உச்சமாக ஏறும் எல்லையிலிருந்து குறைந்தது 500 மீட்டர் வரை கரையை எச்செயலுக்கும் விடாது காக்க வேண்டும் என்பது அதன் சாரம். கடிதம் சட்டமாகாது. பத்தாண்டு கழித்து, 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1991 பிப்ரவரி 19 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளிவந்தது. 500 மீட்டர் என்னும் அளவு அப்போதுதான் சட்ட வடிவம் பெற்றது. அலையாத்திக் காடு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் மணல் போன்றவை முதல் வகையாக வைக்கப்பட்டு, அங்கே கட்டுமானம் தடுக்கப்பட்டது. ஊரகக் கரைகளில் முதல் 200 மீட்டர் கட்டடமற்ற பகுதி. அதற்கு மேல் 500 வரை விடுதிகளுக்கு நிபந்தனையுடன் இடமுண்டு. நம் பக்கத்துக் கரையிலும் ஆண்டுதோறும் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன என்பதும், குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தை நோக்கி ஊர்வதற்குப் பதிலாகக் கரையின் மின்விளக்கை நோக்கி ஊர்ந்து மடிகின்றன என்பதும், சென்னை மாணவர்கள் பல்லாண்டுகளாக இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காத்து வருகின்றனர் என்பதும் பலர் அறிந்தவை.

இங்கே சிறிது விலகிச் சொல்ல ஒன்றுண்டு. காஞ்சிப் பட்டில் ‘கரை’ என்றால் புடவையின் ஓரம். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாயின் கோர்வை போட்டு நெய்கிறோம். மூன்று நாடா ஓடும். நெய்பவருக்குப் பக்கத்தில் துணைக்கு ஒருவர் வேண்டும். உடலும் கரையும் சேருமிடத்தில் கோடு ஏதும் இல்லை. ஊடை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. கடலின் கரையும் அப்படித்தான் இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் மணல் போகிறது, வருகிறது. கழிமுகம் திறக்கிறது, அடைகிறது. அறிவிக்கை எழுதியவர்களுக்கு ஒரு கோடு தேவைப்பட்டது. அதைப் பழிக்க இயலாது. கோடில்லாமல் சட்டம் இல்லை. ஆனால் கோடாக எழுதப்பட்டதனால் அதை நகர்த்துவதும் எளிதாயிற்று.

நகர்த்துவதற்கு முதலில் வந்தவர்கள் விடுதித் தொழிலினர். அறிவிக்கை வெளியான மறு ஆண்டே, சுற்றுலாத் துறையும் விடுதி உரிமையாளரும் விடுத்த முறையீட்டின் பேரில் வோரா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் வழியில் 1994 ஆகஸ்டு 18 அன்று அறிவிக்கை திருத்தப்பட்டது. ஆறு, கழி, உப்பங்கழி ஓரங்களில் விடவேண்டிய 100 மீட்டர் 50 ஆயிற்று. கட்டடமற்ற பகுதிக்குள்ளும் நடுவணரசு விரும்பினால் கட்ட இசைவு தரலாம் என்று ஒரு வாசல் திறந்தது. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று உச்சநீதிமன்றம் சென்றது. 1996 ஏப்ரல் 18இல் வந்த தீர்ப்பு அவ்விரு தளர்வுகளையும் நீக்கியது. அத்தீர்ப்பில் வேறொரு செய்தியும் பதிவாயிற்று: ஓராண்டுக்குள் கடலோர மேலாண்மைத் திட்டம் வகுக்க வேண்டும் என்று அறிவிக்கை பணித்திருந்தும், ஐந்தாண்டு கழிந்தும் மாநிலங்கள் அக்கடமையை நிறைவேற்றியிருக்கவில்லை. 2011இல் புதிய அறிவிக்கை வருமுன் பழையது ஏறத்தாழ 25 முறை திருத்தப்பட்டது. அத்தனை திருத்தங்களையும் இங்கே விரிப்பதில் பயனில்லை; கடலோர மக்கள் கேட்டு வந்தவை அவற்றுள் மிகச் சில.

கோவாவில் எதிர்ப்பு 1980களின் பிற்பகுதியிலேயே எழுந்தது. வாடகை விமானங்களில் ஐரோப்பியப் பயணிகள் திரளாக வரத் தொடங்கிய காலம் அது. 1987இல் அங்கே தோன்றிய இளைஞர் இயக்கம், சுற்றுலா எங்கள் நீரையும் கரையையும் எடுத்துக்கொள்கிறது என்று துண்டறிக்கை அச்சிட்டு வெளிநாட்டுப் பயணிகளிடமே கொடுத்தது. கோவாவின் நீதிமன்ற வரலாற்றில் ஒன்று மட்டும் சொல்கிறேன். தோனா பாவ்லா அருகே வைங்கினிம் என்னும் சிறு கடற்கரை. அதற்குப் போகும் பொதுவழியை ஒரு நட்சத்திர விடுதியின் விரிவாக்கக் கட்டடம் அடைத்தது. வழக்கு நெடுங்காலம் நடந்தது. 2009 ஜனவரி 20 அன்று உச்சநீதிமன்றம், கடற்கரை மக்களுக்காக அரசு காக்கும் பொதுச் சொத்து என்று கூறி, வழியை அடைத்த கட்டடத்தை இடிக்கப் பணித்தது. அவ்வாண்டே மாநில அரசு நில எடுப்புச் சட்டத்தைப் பின்னோக்கிச் செல்லுபடியாகும் வகையில் திருத்தியது. 2016இல் அத்திருத்தத்தை உச்சநீதிமன்றமே ஏற்றது. வென்றவன் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, தோற்றவனுக்காகச் சட்டம் எழுந்து நடந்து வந்த கதை இது. முன்சொன்ன அரசன் கதையில் பணிந்தவன் அரசன். இங்கே யார் பணிந்தார் என்பதை நண்பர்கள் கூறட்டும்.

இதற்கு மாறாக முடிந்த ஒன்றும் உண்டு. அது நடந்தது வேம்பநாட்டுக் காயலில். நாட்டின் மிக நீண்ட ஏரி இது. கடலோடு கலக்கும் உவர்நீர். 2002இல் ராம்சார் ஒப்பந்தத்தின்படி உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு அறிவிக்கை, நம் மன்னார் வளைகுடாவைப் போலவே இதனையும் தனிக்கவனத்துக்குரிய நொய்ந்த கடலோரமாகக் குறித்தது. ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலை வட்டத்துப் பாணாவள்ளி ஊராட்சியில், காயலின் நடுவே நெடியதுருத்து என்றொரு தீவு. 2007இல் ஊராட்சியின் கட்டட இசைவைப் பெற்று, காப்பிக்கோ என்னும் நிறுவனம் அங்கே சொகுசு விடுதி எழுப்பத் தொடங்கியது. 54 தனிமனைகள், நீச்சல் குளங்கள், மாநாட்டுக் கூடம்.

அத்தீவைச் சுற்றியுள்ள நீர் அதற்கு முன் காலியாக இருக்கவில்லை. ஊன்றுவலை என்பது அங்குள்ள தொழில்முறை. காயலின் அடியில் வரிசையாகக் கழிகளை ஊன்றி, கழிக்கும் கழிக்கும் இடையே பை போன்ற வலையைக் கட்டுவர். ஓதம் வடியும்போது நீரோடு வரும் இறாலும் மீனும் வலையில் தங்கும். வலை நகராது; நீர்தான் நகரும். ஆகவே கழி நிற்கும் இடமே மீனவனின் சொத்து. அந்த இடத்துக்கு அரசு உரிமம் கொடுத்திருந்தது. தந்தைக்குப் பின் மகன் என்று அது வந்துகொண்டிருந்தது. கட்டுமானத்தின்போது இக்கழி வரிசைகள் குலைந்தன. காயலின் ஒரு பகுதி தூர்ந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் இந்த ஊன்றுவலைக்காரர்கள். காயலின் அழகைக் காப்பது குறித்த சொற்பொழிவு ஏதும் அவர்களிடம் இல்லை. எங்கள் கழி இங்கே நின்றது, இதோ உரிமச் சீட்டு என்று அவர்கள் சொன்னார்கள். இவ்வரலாற்றில் என்னை மிகவும் நிறுத்திய இடம் இதுவே. காலி என்று சொல்லப்பட்ட இடம் காலியன்று என்பதற்குச் சான்று அவர்கள் கையில் இருந்தது.

கேரள உயர்நீதிமன்றம் 2013 ஜூலை 25 அன்று விடுதியை இடிக்கத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, அதே காயலின் வெட்டிலத்துருத்தில் எழுந்த மற்றொரு விடுதியை இடிக்கும் ஆணையை உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. நெடியதுருத்து வழக்கு மேல்முறையீட்டில் ஏறத்தாழ ஏழாண்டு கிடந்தது. 2020 ஜனவரி 10 அன்று உச்சநீதிமன்றம் இடிப்பாணையை நிலைநிறுத்தியது. அதற்கடுத்த இரண்டு நாள்களில், கொச்சி அருகே மரடுவில் இதே விதிகளை மீறிக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதை நாமெல்லாம் தொலைக்காட்சியில் கண்டோம். நெடியதுருத்தில் அத்தகைய காட்சி எதுவும் இல்லை. கொரோனா வந்தது, காலம் போயிற்று. 2022 செப்டம்பரில்தான் முதல் சுவர் இடிந்தது. உச்சநீதிமன்றம் மீண்டும் கண்டித்த பின் 2023 மார்ச்சில் பணி முடிவடைந்தது. ஆக்கிரமிக்கப்பட்டிருந்த சுமார் 7 ஏக்கர் புறம்போக்கு அரசுக்கு மீண்டது. ஊன்றுவலைக்காரர் உயர்நீதிமன்றத்தில் வென்றதற்கும் சுவர் விழுந்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டு. அந்த ஒன்பது ஆண்டின் மீனுக்குக் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

நம் வட்டத்தில் பெரும்பாலோர் கவிஞர் என்பதால், அவர்களுக்கு உவப்பில்லாத ஒரு கருத்தை இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். சங்கப் புலவர் காட்டும் நெய்தல் ஆள் நிறைந்தது. அங்கே உப்பு விளைகிறது. உமணர் வண்டி போகிறது. காயும் மீனைக் கவர வரும் பறவையை மகளிர் ஓட்டுகின்றனர். பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபடுகின்றனர். இரங்கல் என்னும் உரிப்பொருள் இத்தனை பேர் நடமாட்டத்தின் நடுவே நிகழ்கிறது. நம் காலத்துக் கவிதையிலோ கடற்கரை என்றால் தனிமை. அலையும் நிலவும் ‘நானும்’ மட்டும். வலை காய்வதும் இல்லை, கருவாட்டு வாடையும் இல்லை. கடந்த 10 ஆண்டுகளில் நம் கூட்டங்களில் வாசிக்கப்பட்ட கடல் கவிதைகளை நினைவுகூர்ந்து பார்த்தேன். விதிவிலக்காக இரண்டு மூன்றே தேறின. சொகுசு விடுதியின் விளம்பரத் தாளிலும் அதே ஆளற்ற மணல்தான் அச்சிடப்படுகிறது. விளம்பரக்காரன் வேண்டுமென்றே ஆளை நீக்குகிறான். நாம் கவனியாமல் நீக்கிவிட்டோம். வேறுபாடு அவ்வளவே.

இலட்சத்தீவுக்கு வருவோம். 36 தீவுகள், அவற்றுள் 10இல் மக்கள், மொத்தம் 32 சதுர கிலோமீட்டர் நிலம்; 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர். தெற்கே நாம் ‘மாசி’ என்று அறியும் சூரைக் கருவாடு அத்தீவினரின் முதன்மைத் தொழில். அவர்கள் சூரையைத் தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகப் பிடிக்கின்றனர். அதற்கு உயிருள்ள இரைமீன் வேண்டும். இரைமீன் கிடைப்பது பவளப்பாறை சூழ்ந்த உட்கடலில். ஆகவே உட்கடலின்மேல் தூண் நட்டு நீர்மனைகள் கட்டும் திட்டம் வெளியானபோது, அது வெறும் காட்சிப் பொருளைப் பற்றிய செய்தியாக அவர்களுக்குத் தோன்றவில்லை. 2021இல் நிருவாகி முன்வைத்த வளர்ச்சி ஆணையச் சட்ட வரைவு, வளர்ச்சிக்கென எந்த நிலத்தையும் குறித்து எடுக்க வழி செய்வதாக இருந்தது. அதே ஆண்டில், கடலோர விதியை மீறியவை என்று சொல்லி, மீனவர் வலையும் கருவியும் வைக்கும் கொட்டகைகள் கரையிலிருந்து பிடுங்கப்பட்டன. ஒரே கரையில் ஒரே ஆண்டில் ஓலைக் கொட்டகை விதிமீறலாயிற்று, நீர்மனை வளர்ச்சியாயிற்று. ஜூன் 7 அன்று தீவுகள் முழுவதும் 12 மணி நேரம் உண்ணாநோன்பு இருந்தன. சிலர் கடலுக்கடியில் மூழ்கிப் பதாகை பிடித்து நின்றனர். கேரளச் சட்டமன்றம் அதற்கு முன்னரே ஆதரவுத் தீர்மானம் இயற்றியிருந்தது. ஆயினும் 2023 தொடக்கத்தில் பெரிய விடுதிக் குழுமம் ஒன்று, மக்கள் குடியில்லாத சுகேலியிலும் கத்மத்திலும் விடுதிகள் எழும் என அறிவித்தது. குடியில்லாத என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். கவரத்தி மீனவர் பருவந்தோறும் சென்று தங்கித் தொழில் செய்யும் இடம் சுகேலி.

இனி நம் கரை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், கடலிலிருந்து விலகி வாழுமாறு மீனவருக்கு அறிவுரை கூறாதவர் இல்லை. விடுதிகளுக்கு அதே அறிவுரை அவ்வளவு உரக்கச் சொல்லப்பட்டதாக நினைவில்லை. 2008இல் கடலோர விதிகளை அடியோடு மாற்றும் வரைவு வந்தபோது நாடெங்கும் மீனவர் சங்கங்கள் எதிர்த்தன. அடுத்த ஆண்டு அவ்வரைவு கைவிடப்பட்டது. கடலோர மக்கள் ஒரு கோட்டை நகரவிடாமல் நிறுத்திய மிகச் சில நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. 2019 ஜனவரி 18இல் வந்த அறிவிக்கை மக்கள்நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டடமற்ற பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 ஆகக் குறைத்தது. மிகவும் காக்கப்பட வேண்டிய முதல் வகைப் பகுதியிலும் சூழல் சுற்றுலாவுக்கென அலையாத்தி நடைபாதை, மரக்குடில் போன்றவற்றுக்கு வழிவிட்டது. 1981இன் 500, சில இடங்களில் 50 ஆனது இவ்வாறுதான்.

அந்த அறிவிக்கையின்படி தமிழ்நாட்டுக்கான வரைவு வரைபடங்கள் 2023இல் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டன. பல மீனவ ஊர்களும் அவற்றின் பொதுவிடங்களும் அவற்றில் விடுபட்டிருப்பதாக மீனவர் அமைப்புகள் குற்றஞ்சாட்டின. வரைபடத்தில் இல்லாத வலைமேட்டில் நாளை எதுவும் எழலாம் என்பதை அறிய அவர்களுக்குச் சட்டப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. சென்னைப் பக்கத்துக் குப்பங்கள் சிலவற்றில் மீனவ இளைஞர்கள் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே கையடக்கக் கருவியோடு கரையில் நடந்து, தங்கள் ஊரின் வரைபடத்தைத் தாங்களே வரையத் தொடங்கியிருந்தனர். படகு ஏறும் இடம், வலை காயும் இடம், ஏலம் விடும் இடம் ஆகியவற்றை அவர்கள் குறித்தனர். கரையோடு நிறுத்தாமல் கடலுக்குள்ளும் சென்று, சேறு எங்கே, தரை எங்கே, பார் எங்கே என்று தந்தையர் சொல்லிக் கேட்ட பெயர்களையும் எழுதினர்.